பழைய சுவரும் புதிய சிமெண்டும்

நூறு வருஷத்துக்கு முன் சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒரு வீட்டை விலைக்கு வாங்கி, பத்திரம் பதிவாகிச் சாவியும் கைக்கு வந்தவுடனே, உற்றாரும் அண்டை வீட்டாரும் மேஸ்திரியும் ஒரே குரலாய்ச் சொல்லும் உபதேசம் ஒன்றை வாங்கினவர் கேட்கிறார்: பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசிவிடுங்கள், வீடு கெட்டிப்பட்டுவிடும் என்பதே அது. கும்பகோணத்து அக்கிரகாரங்களிலும், மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளிலும், செட்டிநாட்டு ஊர்களிலும் இந்த அபிப்பிராயம் ஏறக்குறைய சாஸ்திர வாக்கியத்தின் அந்தஸ்தை அடைந்துவிட்டது. வாங்கினவர் தம் கையாலேயே வீட்டைச் செப்பனிடத் துணிந்தவராக இருந்தால், ஒரு மூட்டை சிமெண்டையும் ஒரு கரண்டியையும் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பரித்த சுவரின் அடியில் உட்கார்ந்து அப்பத் தொடங்கிவிடுகிறார். அவருடைய உற்சாகத்தை நான் மனமார மெச்சுகிறேன். தான் குடியிருக்கப்போகும் இடத்தைத் தன் கையால் சீர்படுத்துவது கௌரவமான காரியம். ஆனால் அவர் கையிலிருக்கும் பொருள் அந்தச் சுவருக்குச் சத்துரு என்பதை யாராவது அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

பழைய சுவரின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம். அதன் செங்கல் இக்காலச் சூளைக் கல்லைவிட மிருதுவானது. நுண்ணிய துவாரங்கள் நிறைந்தது. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் படலம் எதையும் அக்காலத்துக் கொத்தனார்கள் வைக்கவில்லை. ஆகவே மண்ணிலுள்ள நீர் கல்லின் துவாரங்கள் வழியே மெல்ல மெல்ல மேலேறுகிறது. ஏறிய நீர், சுவரின் இரு முகங்களிலும் உள்ள சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகி வெளியே போய்விடுவதால், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குமேல் ஈரம் பெரும்பாலும் ஏறுவதில்லை. நீரோடு வரும் உப்பு பூச்சிலே வந்து தங்கி, உறைந்து, பூச்சைப் பொரியச் செய்து உதிர்க்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இது வீட்டின் பலவீனமாகத் தோன்றுகிறது. உண்மையில் பூச்சு தான் அழிந்து சுவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை உதிர்ந்த இடத்தில் மட்டும் புதுப்பூச்சு வைத்து, பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து வந்த நம் முன்னோர், இந்த ஏற்பாட்டைத் தெரிந்தேதான் செய்துவந்தார்கள்.

இந்தச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் நிகழ்வது என்ன? மண்ணிலிருந்து நீர் ஏறுவது நிற்கவில்லை. வெளியேறும் வழிதான் அடைபட்டது. போக இடமில்லாத நீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து மார்புக்கும் ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்குமேல் புதிதாய் ஓர் ஈரக்கறையை உண்டாக்குகிறது. அதைக் கண்ட வீட்டுக்காரர், சிமெண்டு போதவில்லை என்று முடிவு செய்து, இன்னும் இரண்டடி உயர்த்திப் பூசுகிறார். ஈரமும் இரண்டடி உயர்கிறது. முன்பு பூச்சிலே உறைந்த உப்பு இப்பொழுது பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்திலேயே உறைந்து கல்லைப் பொடியாக்குகிறது. இரண்டு மூன்று வருஷம் வரை வெளித்தோற்றம் அழகாகவே இருக்கும். பிறகு ஒருநாள் சுவரைத் தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சப்தம் கேட்கும். அடுத்த மழையில் பூச்சு பலகை பலகையாய், செங்கல்லின் முகத்தையும் பற்றிக்கொண்டு விழும். இதைவிடப் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது: சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்தரங்களின் முனைகள் அந்த ஈரத்தில் ஊறி உளுத்துப்போகின்றன, ஈரத்தைத் தேடி வரும் கரையானும் அங்கேதான் குடியேறுகிறது.

கடினமாக இருப்பதே பலம் என்று எண்ணுவதுதான் இந்தத் தவறான நம்பிக்கையின் வேர். காவிரிப் படுகையின் களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கிறது, ஐப்பசி மழையில் உப்பிப் பருக்கிறது. அதன்மேல் நிற்கும் வீடு வருஷம் முழுவதும் இம்மியளவு அசைந்துகொண்டே இருக்கிறது. சுண்ணாம்புக் காரை அந்த அசைவுக்கு இணங்கிக் கொடுக்கும். மயிரிழை வெடிப்பு கண்டாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அவ்வெடிப்பிலேயே மீண்டும் படிந்து காற்றிலுள்ள கரியமில வாயுவால் கல்லாகிவிடுவதால், சிறு வெடிப்புகள் தாமே அடைபடுகின்றன. சிமெண்டுக்கு இந்தக் குணம் மிகவும் குறைவு. வளையாது, வெடிக்கும், வெடித்த வழியே நீர் உள்ளே போகும், வந்த வழியே திரும்பாது.

சுண்ணாம்பு நிற்காது என்று சொல்கிறவர்களை முல்லைப் பெரியாற்று அணையை நினைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். பென்னிகுயிக் 1895-ல் முடித்த அந்த அணை, சுண்ணாம்பும் செங்கல் பொடியாகிய சுர்க்கியும் கலந்த கலவையில் எழுந்தது. பிற்காலத்தில் கான்கிரீட்டைக் கொண்டு அதைப் பலப்படுத்தினார்கள் என்பது மெய்தான். ஆனால் அதற்குமுன் எண்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சுண்ணாம்பே ஓர் ஆற்றைத் தாங்கி நின்றது. டில்லியில் ஹுமாயூன் சமாதியைப் புதுப்பித்தபோது, இருபதாம் நூற்றாண்டில் அதன் கூரைமேல் கொட்டியிருந்த சுமார் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டை அகற்றிய பிறகே, பழைய முறைப்படி சுண்ணாம்பை இட முடிந்தது. நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே பெரும் பாரமாகி, அதை இறக்குவதே ஒரு திருப்பணியாயிற்று.

சிமெண்டின்மேல் எனக்குத் துவேஷம் இல்லை. 1824-ல் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயக் கொத்தனார் காப்புரிமை பெற்ற இந்தப் பொருள், பாலங்களுக்கும் மாடி மேல் மாடியாக எழும் கட்டடங்களுக்கும் செய்துள்ள உபகாரம் மகத்தானது. செட்டிநாட்டு வீடுகளுக்கு அழகூட்டும் ஆத்தங்குடிக் கற்களே சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்ந்து கண்ணாடிமேல் உருவாகிறவைதாம். ஆயினும் மதுக்கரையில் 1934-லும் தாழையூற்றில் 1949-லும் ஆலைகள் எழுந்து, ஊர்தோறும் மூட்டைகள் வந்து இறங்கிய பிறகு, இரண்டே தலைமுறையில் சுண்ணாம்புக் காளவாய்கள் அவிந்தன; கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் காரை அரைத்த கைகள் ஓய்ந்தன; எதற்கு எது பொருந்தும் என்ற விவேகமும் கூடவே மறைந்துவிட்டது. நஷ்டம் இந்த விவேகத்தில்தான். புது வீட்டுக்கு ஏற்ற மருந்தைப் பழைய வீட்டுக்கும் புகட்டுகிறோம்.

“சுண்ணாம்பு வேலைக்கு இப்ப ஆள் ஏதுங்க, அதெல்லாம் அந்தக் காலம்” என்று மேஸ்திரிகள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் தாமே வேலை செய்ய முன்வந்திருக்கும் வீட்டுக்காரருக்கு அது தடையாக வேண்டியதில்லை. ஏனெனில் சுண்ணாம்பைப் போல் புதியவர் கைக்கு இணங்கும் பொருள் வேறில்லை. கலந்த சிமெண்டு ஓரிரு மணி நேரத்தில் இறுகிவிடும், அவசரப்படுத்தும். சுண்ணாம்புக் காரையோ ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் மறுநாளும் காத்திருக்கும், பிசகினால் சுரண்டி எடுத்து மறுபடி பூசலாம். நன்றாக நீர்த்து ஆறிய கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிய பூச்சாய் ஏற்றி, மணியாசுப் பலகையால் அழுத்தித் தேய்த்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்ததை இட்டு, வெயில் நேரே படாமல் சில நாள் ஈரம் காத்தால் போதும். சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீர்க்க வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது கொதித்துச் சிதறும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஹானி. நீர்த்ததை வாங்கிவந்து, அதையும் கண்ணாடி அணிந்தே கையாள வேண்டும்.

பூசிய சுவருக்கு வெள்ளையடிப்பதே உசிதம். கடைகளில் விற்கும் பட்டியும் பிளாஸ்டிக் வர்ணமும் சிமெண்டு செய்கிற அதே தீங்கை மெல்லிய படலமாகச் செய்கின்றன. ஈரம் அவற்றின் பின்னே தங்கிக் கொப்புளம் கொப்புளமாய் உப்பச் செய்யும். மங்கலான வெள்ளை நாகரிகக் குறைவு என்று தோன்றினால், காவியோ மஞ்சளோ கலந்துகொள்ளலாம்.

மெத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கும் அந்த மேல்தளம், மரக்கட்டைகள்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாய் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாய் அமர்ந்து நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கியது. ஒழுகுகிறதென்று அதன்மேல் இரண்டங்குலம் சிமெண்டைப் போடுவது, பழைய கட்டைகளுக்குப் புதிய பாரத்தை ஏற்றி, உள்ளே புகுந்த நீருக்கு வெளியேறும் வழியையும் அடைப்பதாகும். ஒழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் பெயர்ந்த தட்டோடும், இலை அடைத்த தூம்பும், கைப்பிடிச் சுவரோரத்தில் வேர்விட்ட அரசங்கன்றும்தான். நடுச்சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்குவதும், முற்றத்தைத் தகரத்தால் மூடுவதும் தனியே கண்டிக்கத்தக்கவை. அவ்வீடுகளில் சுவரே பாரம் தாங்குகிறது, முற்றமே காற்றை இழுக்கிறது.

ஆகையால் பழைய வீட்டை வாங்கினவருக்கு நான் சொல்வது, முதல் வருஷம் பூச்சுக் கரண்டியைத் தொடவேண்டாம் என்பதுதான். தூம்புகளைத் துப்புரவு செய்து, சுவரோரத்தில் மேடிட்ட மண்ணை வெட்டிச் சரித்து, கன்றுகளை வேரோடு களைந்து, அந்த வீட்டிலேயே ஒரு வடகிழக்குப் பருவமழையைக் கழிக்க வேண்டும். எந்த மூலை நனைகிறது, எத்தனை நாளில் காய்கிறது, எந்தச் சுவரில் ஈரம் எதுவரை ஏறுகிறது என்று கரிக்கோடிட்டுக் குறித்துவைத்து, முன்னவர் எவராவது பூசிவிட்டுப்போன சிமெண்டு பொள்ளென்று ஒலிக்கும் இடங்களில் அதைச் சிற்றுளியால் மெதுவாய் எடுத்து, செங்கல்லைக் காற்றாட விட வேண்டும். கெட்டியாய்ப் பற்றியிருக்கும் சிமெண்டைப் பலாத்காரமாய்ப் பெயர்த்தால் கல்லும் கூடவே வந்துவிடும்; அதை இருக்கிறபடி விட்டுவிடலாம். தை பிறந்து சுவர் உலர்ந்தபின், குறித்துவைத்த கோட்டுக்கு ஓரடி மேலிருந்து சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்கலாம்.