இன்சுலினோடு குளுக்ககானும் வேண்டும்

முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் எச்சரிக்கை என்றும், 54க்குக் கீழே வந்தால் அபாயம் என்றும் கணக்காகச் சொல்லிக்கொண்டு வரும் வைத்திய சாஸ்திரம், கடுமையான தாழ்வு எது என்ற கேள்வி எழுந்ததும் எண்ணை விட்டுவிட்டு, பிறர் துணையின்றி மீள முடியாத நிலை அது என்று வரையறுக்கிறது. ஆகவே, நோயாளி எவ்வளவு ஜாக்கிரதையுள்ளவராயினும், அந்த வேளையில் அவருடைய சிகிச்சை தாயின் கையிலோ, மனைவியின் கையிலோ, உபாத்தியாயரின் கையிலோதான் இருக்கிறது.

அந்தக் கைகளுக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

வியர்வையும் கைநடுக்கமும் காரணமற்ற கோபமும் தோன்றி, பிரக்ஞை இன்னும் தெளிவாயிருக்கும் வரையில், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, கால் மணி நேரம் கழித்து விரல் நுனியில் மறுபடி சோதித்தால் போதும். பிரக்ஞை தப்பிய பிறகோ, பரிவின் மிகுதியால் பற்களை விலக்கிச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டுவது நம் வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. அது புரையேறிச் சுவாசப்பையில் இறங்கினால் பிராணனுக்கே ஆபத்து. அப்போது செய்ய வேண்டியது, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் குளுக்ககான் ஊசியைத் தொடைச் சதையில் போடுவதுதான்.

ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடச் செய்யும் இந்தச் சுரப்பு, இன்சுலின் வழக்கத்துக்கு வந்த மறு வருஷமே, 1923இல், கிம்பல், மர்லின் என்ற இருவரால் பெயரிடப்பட்டது. பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம், சிறு குழந்தைகளுக்கு அதில் பாதி. சுமார் கால் மணி நேரத்தில் பெரும்பாலோருக்கு நினைவு திரும்பும். நெடுநேரம் பட்டினி கிடந்தவருக்கும் மது அருந்தியவருக்கும் ஈரலில் இருப்புக் குறைந்திருப்பதால் பலன் குன்றலாம். ஆதலால் ஊசி போட்ட கையோடு 108ஐயும் அழைத்துவிட வேண்டும். மூக்கில் செலுத்தும் பொடி வடிவத்துக்கு அமெரிக்காவில் 2019இலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற இதே ஔஷதம், இன்சுலின் தாராளமாகக் கிடைக்கும் நம் ஊர் மருந்துக் கடைகளில் தேடினாலும் எளிதில் அகப்படுவதில்லை என்பதும், இதன் பெயரைக்கூடக் கேட்டறியாத பெற்றோர் பலர் என்பதும் எனக்கு மிகுந்த வேதனையைத் தருகின்றன. நீரிழிவுள்ள மாணவர்கள் பரீட்சை மண்டபத்துக்குள் தின்பண்டம் கொண்டுசெல்ல 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அனுமதித்தது போற்றத்தக்கதே. எனினும் அது தானே எடுத்துத் தின்னக்கூடிய பிள்ளைக்கு மட்டுமே உதவும்.

பிள்ளை நினைவிழந்தால் பள்ளியிலேயே குளுக்ககான் போட வேண்டும் என்றால், ஊசிக்கு உபாத்தியாயர்கள் அஞ்சுவார்களே என்பர் சிலர். தேவையில்லாதபோது தவறிப் போட்டாலும் குமட்டல், வாந்தி என்பதற்கு மேல் பெரிய தீங்கு நேர்வது அபூர்வம். போடாமல் நின்றுவிட்டாலோ, வலிப்பும் மூளைச் சேதமும் மரணமும்கூட நேரலாம். நல்லெண்ணத்தோடு உதவியவரைச் சட்டம் காக்கும் என்ற உறுதியைச் சர்க்கார் எழுத்து மூலம் அளித்தால் அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கும். உபயோகமாகாமலே காலாவதியாகும் மருந்துக்குச் செலவா என்ற ஆட்சேபத்தை, தீயணைப்பு நிலையங்களை நடத்தும் எந்தச் சர்க்காரும் சொல்வது தகாது.

குழந்தைக்கு இன்சுலினை இலவசமாக வழங்கும் ஆஸ்பத்திரி குளுக்ககானையும் சேர்த்தே வழங்க வேண்டும். பொடியைத் திரவத்தில் கலந்து ஊசியில் ஏற்றும் முறையைத் தாய், தகப்பன் இருவருக்கும் செய்து காட்டி, அவர்களையும் ஒரு முறை செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.