கீரை குடுங்கோ என்று சொல்வது லேசு

"பிள்ளைக்கு இரத்தம் காணாது, கீரை குடுங்கோ." இதைக் கேட்காத அம்மாமார் குறைவு. அதுக்குப் பிறகும் இரும்புச்சத்து ஏறாவிட்டால் பழி அம்மாவுக்குத்தான்: "படிக்காத சனம், தேத்தண்ணி குடுத்தே வளர்க்குதுகள்."

இந்தக் கதையை முதலில் நிறுத்துவோம்.

வயிற்றில் இருக்கும்போது பிள்ளை சேமித்த இரும்பு கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்குத்தான் காணும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 7 முதல் 12 மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேணும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கே 8 தான்! அந்தச் சின்ன வயிற்றைக் கீரையால் மட்டும் நிரப்பி இதை எட்ட ஏலாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். மீன், இறைச்சி, ஈரலில் இருப்பது நல்லா ஏறும். கொய்யாப்பழமோ தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூட ஏறும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் குறையும்.

இதை அம்மாமாருக்குச் சொல்லத்தான் வேணும். குடும்பநல உத்தியோகத்தரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஈரலையும் மீனையும் எந்தக் காசில் வாங்கிறது?

மலையகத்தைப் பாருங்கோ. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021 இல்தான். கொழுந்தின் நிறை குறைஞ்சால் அரைப்பேர். அடுத்த வருசம் விலைவாசி போன போக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே 2022 இல் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. சோறு இல்லாத இடத்தில் பசியை அடக்கிறது தேத்தண்ணிதான். அதை அறியாமை என்று சொல்ல வெட்கமாயில்லையா?

மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வருசத்தில் வரும் இந்தக் குறைபாட்டின் பாதிப்பைப் பிறகு மருந்து குடுத்தாலும் முழுசா மாற்ற ஏலாமல் போகலாம். கடைசியில் அதே பிள்ளை வகுப்பில் பின்தங்கும்போது "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்றும் நாங்களே சொல்லுவோம்.

தாய் மலையில் கொழுந்து எடுக்கிற நேரம் பிள்ளை இருப்பது பிள்ளைமடுவத்தில். அங்கே மதியச் சோற்றோடு நெத்தலியும் ஒரு துண்டுப் பழமும் குடுக்க வேண்டியது கம்பனியும் அரசும். ஒரு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரத்தப் பரிசோதனை செய்யவேணும். திரிபோஷா தடையில்லாமல் வரவேணும். சம்பளம் சந்தை விலையோடு ஏறவேணும்.

இதுகளைச் செய்துபோட்டு வந்து கீரையைப் பற்றிக் கதையுங்கோ, கேட்கிறம்.