சூரியனா, காற்றா? கேள்வியே தப்பு!

மாற்று எரிசக்தி என்றாலே, சோலார் பெஸ்ட்டா, காற்றாலை பெஸ்ட்டா என்று பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக்கு இரண்டும் வேணும். ஆனால், உண்மையான சோதனை மாலை 7 மணிக்குத்தான்.

சோலார்: எரிபொருள் செலவு இல்லை; கட்டி முடிப்பதும் சீக்கிரம். 2016-ல் வந்த கமுதியின் 648 மெகாவாட் நிலையமே சாட்சி. ஆனால், ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் நிலம் தேவை. பொழுது சாய்ந்தால் உற்பத்தி பூஜ்யம்.

காற்று: ராத்திரியிலும் சுற்றும், காற்றாலையைச் சுற்றி விவசாயமும் நடக்கும். ஆரல்வாய்மொழி, பாலக்காடு கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை அள்ளிக் கொடுக்கும். அப்புறம் குறைந்துவிடும். போதாததற்கு, நல்ல காற்று வீசும் இடங்கள் பலவற்றில் 1990-களின் சின்னச் சின்னக் காற்றாலைகளே நிற்கின்றன.

அணு: கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகளுக்கு இரவு பகல் கிடையாது. ஆனால், 2002-ல் கட்டத் தொடங்கிய முதல் உலை வணிக உற்பத்திக்கு வர 2014 டிசம்பர் ஆனது. கழிவுப் பிரச்சினை தனி.

7 மணிக்கு என்ன ஆகிறது? வேலை முடிந்து வருபவர்கள் ஏசியைப் போட்டு, இ-ஸ்கூட்டரைச் சார்ஜில் செருகும் நேரம் அது. சோலார் அப்போது ஓய்ந்திருக்கும். அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புவது நிலக்கரியும், சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கும் கரன்ட்டும்தான். அந்தச் செலவு கடைசியில் மக்கள் தலையில்தான் விழும்.

இதற்கு விடை, சேமிப்பு. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 1980-களிலிருந்தே அது நடக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கலாம். ஏற்றி இறக்குவதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் வீணாகும். மலையில் இடமும் வேணும்; கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். பேட்டரியைச் சில மாதங்களிலேயே நிறுவிவிடலாம்; ஆனால் அதற்கு ஆயுள் குறைவு, லித்தியமும் இறக்குமதி.

குறையில்லாத வழி எதுவும் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். பழைய காற்றாலைகளை மாற்றணும். பகலில் வண்டியைச் சார்ஜ் செய்பவருக்குக் கட்டணச் சலுகை தரணும். புதிய சோலார் திட்டம் ஒவ்வொன்றும் சேமிப்போடு வரணும்.

அடுத்த முறை திட்டம் அறிவிக்கும்போது, 'எத்தனை மெகாவாட்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'ராத்திரி எத்தனை மணி வரைக்கும்?' என்றும் கேட்கணும்.