கம்பி இழுக்க உரிமம், தூண் எழுப்ப?

புதுதில்லி: தென் தில்லியின் லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புப் பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கு இயங்குவதால், தலைநகர்த் தமிழர்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமான இடம். அரசுக் குடியிருப்பில் வசிப்போருக்குப் பணி ஓய்வு என்பது வீட்டைக் காலி செய்வதையும் குறிக்கும். பணிக்கொடை, வைப்பு நிதி என்று கைக்கு வரும் தொகையை மனையிலோ, மாடி வீட்டிலோ முதலீடு செய்வோர் பலர். வாழ்நாள் சேமிப்பு ஓர் ஒப்பந்ததாரரை நம்பி ஒப்படைக்கப்படுகிறது. அந்த ஒப்பந்ததாரரின் தகுதிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை.

அரசு தனக்காகக் கட்டும்போது இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. மத்தியப் பொதுப்பணித் துறை, ஒப்பந்ததாரர்களை வகுப்பு வாரியாகப் பதிவு செய்கிறது. முன் அனுபவமும் நிதி வலிமையும் ஆராயப்படுகின்றன. பணிக்கான உத்தரவாதத் தொகை பெறப்படுகிறது. தவறு செய்தவரை விலக்கி வைக்கவும் விதி உண்டு.

சாதாரணக் குடிமகனின் நிலை வேறு. வீட்டில் மின் கம்பி இழுக்கும் ஒப்பந்ததாரருக்கு அரசு உரிமம் வேண்டும். வரைபடம் தயாரிக்கும் கட்டடக் கலைஞர் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆனால், நான்கு மாடிகளையும் தாங்கும் தூண்களை எழுப்புகிறவரின் தொழில் திறனைச் சோதித்து உரிமம் வழங்க, நாடு முழுமைக்குமான சட்டம் ஏதுமில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டங்களின் கீழ் வழங்கப்படும் உரிமம் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கட்டுமானத் தரத்தைப் பற்றியதல்ல. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20 தொழிலாளர்கள் என்றிருந்த வரம்பு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்பில் 50 ஆக உயர்ந்துவிட்டது. சிறு ஒப்பந்ததாரர் பலர் அந்த வலைக்குள்ளும் வருவதில்லை.

இக்குறையைப் போக்க வந்ததாகக் கருதப்படுவது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என அது விதிக்கிறது. எனினும் அது பதிவு செய்யச் சொல்வது விற்பவரையும் தரகரையும்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளுடனோ அமையும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்தே விலக்கு உண்டு. தில்லியில் பழைய வீட்டை இடித்து, மாடிக்கு ஒரு வீடாகக் கட்டி விற்கும் வியாபாரம் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் அடங்கிவிடுகிறது.

மனை உரிமையாளர் நிலம் தர, கட்டுபவர் தம் செலவில் கட்டி மாடிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை தலைநகரில் பரவலானது. கைலாஷ் காலனியில் 1991-இல் இப்படி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. விதிமீறல், கட்டி முடித்ததற்கான சான்றிதழ் ஆகியவை தொடர்பாக எழுந்த தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நில உரிமையாளரும் நுகர்வோரே, அவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று 2008-இல் தீர்ப்பு வந்தது. கொள்கை அளவில் பெரிய வெற்றி. ஆனால், 17 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது வழக்குத் தொடுக்கும் உரிமை மட்டுமே; புகாரை விசாரிக்கும் பொறுப்பு மீண்டும் மாவட்ட மன்றத்துக்கே சென்றது.

மேற்பார்வை தவறினால் விலை பணம் மட்டுமல்ல. 2010 நவம்பரில் கிழக்கு தில்லி லக்ஷ்மி நகரில் கட்டடம் சரிந்து சுமார் 70 பேர் மாண்டனர். 2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் பலியாயினர். தமிழகத்தில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் ஆகியோரின் பதிவுக்கு வழி செய்தன. பதிவேட்டுக்கு வெளியே சிறு வீடு கட்டும் மேஸ்திரிகளும் ஒப்பந்ததாரர்களும் இன்னும் ஏராளம்.

மற்றோர் உரிமம் லஞ்சத்துக்கு மற்றொரு வாசலாகும் என்ற வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. நகராட்சி அலுவலகப் படியேறியவர்கள் அதை அறிவார்கள். ஆனால் அரசு தன் கட்டடங்களுக்கு வைத்திருக்கும் பட்டியலைப் போல, யார் எதைக் கட்டினார், எதில் தவறினார் என்று எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு வைப்பது உரிம ராஜ்யம் ஆகாது. 500 சதுர மீட்டர் வரம்பைக் குறைக்க அரசுகளுக்கு ரியல் எஸ்டேட் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. அந்த அதிகாரம் பயன்படுத்தப்படாத வரை, ஓய்வூதியரின் காப்பு அவர் கையெழுத்திடும் ஒப்பந்தத் தாளில் மட்டுமே உள்ளது. கட்டி முடித்த சான்றிதழுக்கு முன் இறுதித் தவணை இல்லை என்ற ஒரு வரி, அதில் தவறாமல் இடம்பெற வேண்டும்.