கயிறு பிடிப்பவர் யார்?

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. எனினும் அத்தொழிலின் வழக்கமொன்று முதியோர் பேச்சில் இன்றும் நிலவுகிறது. மூழ்குபவரின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவர் அவருடைய மைத்துனராகவே இருப்பாராம். உடன்பிறந்தாள் கைம்பெண் ஆகிவிடக் கூடாதே என்னும் கவலை அவர் கையைத் தளரவிடாதன்றோ! எவரும் எழுதிவைக்காத அவ்விதியைத் தோணியில் இருந்த அனைவரும் அறிந்திருந்தனர்.

இன்று நம் ஊர்ச் சாலைகளில் சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளாய்ச் செல்கிறது. தேநீர்க் கடைதோறும் சிலிண்டராய் நிற்கிறது. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலெழாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி நெருப்புக்குக் காத்திருக்கும். திரவப் புரோப்பேன் வாயுவாகும்போது ஏறத்தாழ 270 மடங்கு விரியும். கலத்தை முழுதும் நிரப்பாது வெற்றிடம் விடுதல், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு, தண்ணீர் தெளிப்பான், கலங்களுக்கிடையே இடைவெளி என்று விதிகள் வகுத்ததன் காரணம் இதுவே. வெளியே தீச்சூழ்ந்தால், திரவம் இல்லாத மேற்பகுதியின் எஃகு வலுவிழந்து கலமே வெடித்துச் சிதறும்.

1984 நவம்பர் 19 அன்று மெக்சிகோ நகரையடுத்த சான் குவானிக்கோவில் அவ்வாறே நிகழ்ந்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் மாண்டனர். இரு வாரங்களில் போபால் துயரம் நேர்ந்தமையால் உலகம் அதனை விரைவில் மறந்தது. 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து எரிவாயு இறக்குகையில் கசிந்து மூண்ட தீ அறுபது உயிர்களளவில் கொண்டது. அதுவும் நம்முடையதைப் போன்ற துறைமுக நகரமே. 2023 ஆகஸ்டில் மதுரை இரயில் நிலையத்தில், தடையை மீறிச் சுற்றுலாப் பெட்டியில் ஏற்றிவந்த சிலிண்டரால் ஒன்பது பேர் கருகினர். அங்கும் விதி இருக்கத்தான் செய்தது.

விதிக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. அழுத்தக் கலங்களுக்கென்றே 1981-இல் தனி விதிகள் வந்தன. 2016-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. ஆனால் மத்திய அரசிதழில் அவை வெளியானது இந்தியிலும் ஆங்கிலத்திலும். வால்வைத் திருகும் கைக்குரியவர் படிப்பது தமிழ். ஆலை அறிவிப்புகள் தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கூறியது. போபாலுக்குப் பின், 1987-இல் அதனைத் திருத்தியபோது, அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிப்பது ஆலை நடத்துவோர் கடமையாயிற்று. சட்டம் சொன்னதைச் செய்துகாட்டத் தமிழ் அறிந்தோர் முன்வரவில்லை என்பதே நம் குறை.

தமிழில் சொல் இல்லை என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்கெல்லாம் பெயரிட்ட கரை இது. தூய தமிழ்ச் சொல் வாய்க்கும்வரை அறிவிப்பை நிறுத்திவைப்பதும் நமக்கு உடன்பாடன்று. 'சேஃப்டி வால்வு' என்றே தமிழெழுத்தில் எழுதட்டும்; படிப்பவருக்குப் புரிந்தால் போதும்.

நம் துறை மாணவர்கள் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரலாம். டேங்கரின் பலகையில் 1075 என்னும் எண்ணிருந்தால் உள்ளிருப்பது சமையல் எரிவாயு. கசிவு நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாது கதவு சன்னல்களைத் திறந்து வெளியேற வேண்டும். அழைக்க வேண்டிய எண் 1906. அதனை உணவகங்களிலும் திருமண மண்டபங்களிலும் லாரிப் பட்டறைகளிலும் ஒட்டலாம். வடமாநிலத்திலிருந்து வந்து அங்கே அடுப்படியில் நிற்கும் இளைஞர்களுக்காக அடியில் நான்கு வரி இந்தியிலும் இருக்கட்டும்.