எழுத்துக்கு 1 கே, படத்துக்கு 20 கே

பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் படம் வரையப் பழகியவர்கள் எல்லோருக்கும் நேர்ந்த விபத்து ஒன்று உண்டு. அரை மணி நேரம் அம்புக்குறி கீக்களைத் தட்டித் தட்டி ஒரு வீடு, ஒரு தென்னை மரம், பின்னால் சூரியன் என்று திரையில் கொண்டுவந்தாயிற்று. நடுவில் புரோகிராமின் ஒரு வரியைச் சரிபார்க்கத் தோன்றுகிறது. படம் இருக்கும் திரையில் பட்டியல் போட்டால் படத்தின் மேலேயே எழுத்து வந்து விழுமே என்று எண்ணி, எழுத்துக்கென்றே உள்ள 'மோட் 7'ஐ டைப் செய்து ரிட்டர்ன் கீயை அமுக்கினால், கறுப்புத் திரை. மூலையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். பதறிப்போய் 'மோட் 1' என்று திரும்பினால் அதுவும் துடைத்துவைத்த பலகை. வீடு போயிற்று, மரமும் போயிற்று.

மெஷினில் பழுது எதுவும் இல்லை. அது தயாரிக்கப்பட்ட விதமே அப்படி. திரையை எழுத்துக்குக் கொடுப்பதா, படத்துக்குக் கொடுப்பதா என்பதை உபயோகிப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தீர்மானத்தை மாற்றினால் பழையது அழியும்.

கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்ட மெஷின் இது. பிரிட்டிஷ் மக்களுக்கு கம்ப்யூட்டர் கற்றுத்தர பிபிசி தொடங்கிய திட்டத்துக்காகச் செய்யப்பட்டதால் அந்தப் பெயர். இந்தியாவுக்கும் அது வந்தது. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது பிபிசி மைக்ரோதான். மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே 'யுனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. ஆக, இந்தியப் பள்ளி மாணவர்களில் ஒரு தலைமுறையின் ஒரு சிறு பகுதி, கம்ப்யூட்டர் என்றால் என்ன என்பதை முதன்முதலில் இதன் கீபோர்டில்தான் தெரிந்துகொண்டது.

பள்ளிகளில் பரவிய 'மாடல் பி'யில் மெமரி 32 கே, அதாவது 32,768 பைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரண போட்டோவைக்கூட அதில் அடைக்க முடியாது. புரோகிராமும் இதில்தான் இருக்க வேண்டும். திரையில் தெரிகிற படமும் இதிலிருந்துதான் இடம் பிடிக்க வேண்டும். எவ்வளவு இடம் என்பது மோடைப் பொறுத்தது. மோட் 0, 1, 2 மூன்றும் ஆளுக்கு 20 கே கேட்கும். மோட் 4, 5 இரண்டும் 10 கே. மோட் 3, மோட் 6 இரண்டிலும் எழுத்து மட்டும்தான். ஆனாலும் 16 கே, 8 கே என்று விழுங்கிவிடும். மோட் 7-க்கு மட்டும் 1 கே போதும்.

20 கே திரைக்குப் போனால் மீதி 12 கே. அதிலும் மெஷினின் சொந்தக் கணக்கு வழக்குக்குக் கொஞ்சம் போகும். கேஸட்டோடு நிறுத்திக்கொண்டவருக்குப் புரோகிராம் எழுத 8,704 பைட் கிடைக்கும். வசதியாக டிஸ்க் டிரைவ் மாட்டிக்கொண்டவருக்கு 5,888 பைட்தான். டிஸ்க்கும் தன் பங்குக்கு மெமரியைப் பிடித்துக்கொள்வதால், வசதி கூடினால் இடம் குறையும். டைப் அடித்தால் இரண்டு, மூன்று பக்கத்துக்குள் முழு ஓவியப் புரோகிராமையும் எழுதி முடிக்க வேண்டும் என்று அர்த்தம். புரோகிராம் நீண்டுபோன பிறகு 20 கே மோடைக் கேட்டால், 'பேட் மோட்' என்று இரண்டே வார்த்தையில் மெஷின் மறுத்துவிடும். தவறு எங்கே என்று சொல்லாது.

எந்த மோடில் வரைவது? மோட் 0-ல் குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 256. கோடுகள் நூல் பிடித்தாற்போல வரும். ஆனால் இரண்டே நிறம். மோட் 2-ல் எட்டு நிறமும், அதோடு விட்டு விட்டு மின்னும் நிறங்கள் எட்டும் உண்டு; ஆனால் குறுக்கே 160 புள்ளிதான். ஒவ்வொரு புள்ளியும் செங்கல் மாதிரி அகலமாக இருக்கும். வட்டம் வரைந்தால் மாடிப்படி தெரியும். இடைப்பட்டது மோட் 1: 320 புள்ளி, நான்கு நிறம். மூன்றும் ஒரே 20 கே என்பதைக் கவனிக்க வேண்டும். புள்ளியைக் கூட்டினால் நிறத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஓவியப் புரோகிராமுக்கு மோட் 1-தான் சரி. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்ற நான்கோடு அது தொடங்கும். 'விடியு 19' என்ற கட்டளையால் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தென்னை ஓலைக்காக மஞ்சளைப் பச்சையாக மாற்றிய அதே நொடியில், ஏற்கெனவே வரைந்த சூரியனும் பச்சையாகிவிடும்.

இந்தக் கெடுபிடிக்கு நடுவே ஏக்கார்ன்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். எந்த கிராஃபிக்ஸ் மோடாக இருந்தாலும் திரையின் அளவு 1,280-க்கு 1,024 என்றே புரோகிராமுக்குச் சொல்லப்படும். மோட் 4-ல் எழுதிய ஓவியப் புரோகிராமை மோட் 1-லும் ஓட்டலாம். வீடு அதே இடத்தில்தான் நிற்கும். கோடு இழுக்கும்போது ரப்பர் போல நீண்டு சுருங்கும் தற்காலிகக் கோட்டுக்கும் வழி இருந்தது. 'ஜிகால் 3' கொடுத்து ஒரே கோட்டை ஒரே இடத்தில் இரண்டு தரம் போட்டால் முதல் தரம் தோன்றும், இரண்டாம் தரம் மறையும், கீழே இருந்த படம் சிதையாது.

படத்துக்குப் பெயர் எழுத வேண்டுமே, அங்கேதான் அடுத்த சிக்கல். சாதாரணமாக இந்த மெஷின் எழுத்துகளைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதுவதுபோல வரிசைக் கட்டங்களில்தான் வைக்கும். மோட் 1-ல் வரிக்கு 40 கட்டம். வீட்டுக் கூரையின் சரிவை ஒட்டி எழுத்தை வைக்க வழியில்லை. வைத்தாலும் கட்டத்தின் பின்னணி நிறம் கீழேயிருக்கும் படத்தை மறைத்துவிடும். அதற்கு மருந்து 'விடியு 5'. இதைக் கொடுத்த பிறகு எழுத்தும் ஒரு படமாகிவிடுகிறது. திரையில் எந்தப் புள்ளியிலும் அதை வைக்கலாம். எழுத்தின் கோடு மட்டும் விழும், பின்னணி அப்படியே இருக்கும். கொஞ்சம் மெதுவாக வரும். தவறாக அடித்துவிட்டு டெலீட் கீயைத் தட்டினால்தான் ஆபத்து: எழுத்தோடு சேர்த்து அடியில் இருந்த கூரையும் ஒரு சதுரம் போய்விடும். 'விடியு 4' கொடுத்தால் மறுபடி கட்டம் போட்ட நோட்டு.

மற்ற மெஷின்கள் இதை வேறுவிதமாகச் சமாளித்தன. 1977-ல் வந்த ஆப்பிள் 2-ல் மேலே படம், கீழே நான்கு வரி எழுத்து என்று திரையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள முடிந்தது. பிபிசி மைக்ரோவில் அது நேர் வழியில் நடக்காது. ஆனாலும் 1984-ல் வெளியான 'எலைட்' என்ற விளையாட்டில், திரையின் மேல்பாதி ஒரு மோடிலும் கீழே கருவிப் பலகை வேறொரு மோடிலும் ஓடியது. டிவி திரையில் கோடு கோடாக ஒளி இறங்கிக்கொண்டிருக்கும்போதே நடுவழியில் மோடை மாற்றிய வித்தை அது. பள்ளி மாணவர்கள் அதைப் பார்த்து வாய் பிளந்ததில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, 1 கே போதுமென்கிற மோட் 7-லேயே எல்லாவற்றையும் செய்தால் என்ன? பலர் அப்படித்தான் செய்தார்கள். பிபிசி 1974 முதல் டிவி வழியே அனுப்பிய சீஃபாக்ஸ் என்ற எழுத்துச் செய்திப் பக்கத்தின் முறை இது. 40 கட்டம், 25 வரி. மொத்தம் 1,000 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட். அந்த பைட்டில் இருப்பது எழுத்தின் உருவமல்ல, எழுத்தின் எண் மட்டும். 65 என்று இருந்தால் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தின் உருவத்தைத் தனியாக ஒரு சிப் வரைந்துகொள்ளும். எட்டு நிறமும் கிடைக்கும். ஆனால் நிறம் மாறும் இடத்தில் ஒரு கட்டம் காலியாக விடப்பட வேண்டும். ஒரு கட்டத்தை ஆறு சிறு துண்டுகளாகப் பிரித்துப் படமும் போடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு வீடாகத்தான் தெரியும்.

சிப்பில் பதிந்திருக்கும் அந்த உருவங்களை யாரும் மாற்ற முடியாது. அவை ஆங்கில எழுத்துகள். மலிவான 1 கே திரை ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழோ இந்தியோ எழுத நினைத்த மாணவர் கிராஃபிக்ஸ் மோடுக்குப் போய், எழுத்தைப் படமாக வரைந்து, அதற்கான மெமரியையும் தர வேண்டியிருந்தது.

எட்டுக்கு எட்டு கட்டத்தில் சொந்தமாக உருவம் அமைக்க 'விடியு 23' உதவியது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். இடதுபுறத்திலிருந்து புள்ளிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. 'படம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தலைக்கு மேல் புள்ளிக்காக இரண்டு வரி விட்டுவிட வேண்டும். 'ப' எளிது: இரண்டு கால், ஒரு அடிக்கோடு. கால்கள் 64-ம் 2-ம் சேர்ந்து 66; அடிக்கோடு 126. ஆக,

விடியு 23,224,0,0,66,66,66,66,126,0

'ட' இன்னும் எளிது. வலது காலை எடுத்துவிட்டால் போதும்:

விடியு 23,225,0,0,64,64,64,64,126,0

'ம'வுக்கு உள்ளே ஒரு சுவர் வேண்டும்:

விடியு 23,226,0,0,78,74,74,74,126,0

புள்ளியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்:

விடியு 23,227,24,0,0,0,0,0,0,0

இனி மோட் 1-ல் 'விடியு 5' கொடுத்துவிட்டு, 'விடியு 224,225,226,8,227' என்று அடித்தால் 'படம்' வந்துவிடும். நடுவில் உள்ள 8 ஒரு கட்டம் பின்னால் போகச் சொல்கிறது. புள்ளி 'ம'வின் தலைமேல் போய் உட்காருகிறது. கட்டம் போட்ட நோட்டு முறையில் இது நடக்காது. புள்ளி வந்தவுடன் 'ம' மறைந்துபோகும். ஒன்றின்மேல் ஒன்று எழுத வேண்டிய மொழிக்கு, வரைபடத்துக்காக வைத்த வசதிதான் கைகொடுத்தது.

ப, ட, ம மூன்றும் தமிழில் கட்டத்துக்கு அடங்கும் நல்ல பிள்ளைகள். 'ண'வும் 'ஞ'வும் அப்படியல்ல. அவற்றுக்கு இரண்டு கட்டம் கேட்கும். இதைவிடப் பெரிய தடை எண்ணிக்கை. இப்படி அமைத்துக்கொள்ள மெஷின் சாதாரணமாக அனுமதிப்பது 32 உருவங்கள். தமிழில் கு, கூ என்று உகர, ஊகார வரிசைகள் மட்டுமே 36 தனி உருவங்கள். கூடுதல் இடம் கேட்க 'எஃப்எக்ஸ் 20' என்ற கட்டளை உண்டு. 32 உருவத்துக்கு 256 பைட் வீதம், அதிகபட்சம் 1,536 பைட் வரை பிடித்துக்கொள்ளும். அந்த 5,888-லிருந்துதான் அதுவும் போக வேண்டும். தமிழில் பெயர் எழுதக்கூடிய ஓவியப் புரோகிராம் என்றால் ஓவியத்துக்கான வரிகள் குறையும்.

பள்ளி மெஷினில் மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்றில்லை. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலும் எழுத்து மோட், படம் மோட் என்று இரண்டு உண்டு. எழுத்து மோடின் உருவங்கள் அங்கேயும் சிப்பில் பதிந்தவைதான். லோட்டஸ், டிபேஸ், வேர்ட்ஸ்டார் எல்லாமே எழுத்து மோடில் ஓடியவை. இந்திய அலுவலகங்களில் இவற்றைத் தாய்மொழியில் உபயோகிக்க, கான்பூர் ஐஐடியில் தொடங்கி, 1988-ல் அமைந்த புனே சி-டாக்கில் வளர்ந்த 'ஜிஸ்ட்' அட்டையை பிசிக்குள் செருக வேண்டியிருந்தது. ஜிஸ்ட் என்ற பெயரின் விரிவில் முதல் சொல்லே கிராஃபிக்ஸ்தான். ஒரு பள்ளி மாணவர் விடியு 23-ஐ வைத்துச் செய்ததைத்தான், பல மடங்கு பெரிய அளவில், தனி வன்பொருளாகவே செய்துகாட்டினார்கள்.

பிறகு மெமரி மலிவானது, விண்டோஸ் வந்தது. எழுத்து மோட் என்பதே மெல்ல மறைந்தது. ஆங்கிலத்தின் 'ஏ'வும் தமிழின் 'அ'வும் இன்று ஒரே மாதிரி வரையப்படும் படங்கள்தான். 1991-ல் யூனிகோட் தமிழுக்கு எண் கொடுத்தது. விண்டோஸ் 2000 முதல் அந்த எண்ணைப் படமாக்கும் வேலையை விண்டோஸே எடுத்துக்கொண்டது. எழுத்துக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்ற பேரம் உபயோகிப்பவரின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

பிபிசி மைக்ரோவைப் பாவனை செய்யும் எமுலேட்டர்கள் இன்று சாதாரண பிசியிலேயே ஓடுகின்றன. மேலே உள்ள கட்டளைகளை அதில் அடித்தால் 'படம்' வரும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மோடை மாற்றும் முன்பே '*சேவ்' கட்டளையில் 3000, 8000 என்று திரை மெமரியின் எல்லைகளைக் கொடுத்துப் பதிந்துவிட வேண்டும். அந்நாளில் கேஸட்டில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். 100 கே டிஸ்க்கில் 20 கே படம் ஐந்து அடங்கும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். டிஸ்க்கின் பெயர்ப் பட்டியல் அரை கே எடுத்துக்கொள்வதால் அடங்கியது நான்குதான்.