மாலாவில் காற்றுக்கு ஒரு வழி

தகரக் கூரையின்கீழ் வாழும் செம்பூர் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். மாலாவில் வெப்பம் தாங்கவில்லை. சூரிய ஒளியால் இயங்கும் விசிறி வாங்கலாமா, அன்றி எவ்விசையும் வேண்டாத காற்றுப்போக்கி வைக்கலாமா என்பது அவர் வினா. நாமும் தாராவியில் மாலா வீட்டில் குடியிருப்பவராதலின், பட்ட அனுபவத்தையே கூறுகிறோம்.

மும்பைக்கு ஆண்டில் இரு கோடைகள் என்பதை நேயர்கள் அறிவர். மழை ஓய்ந்ததும் அக்டோபரில் ஒன்று. பங்குனி முதல் மழை வரும்வரை மற்றொன்று. 2018 மார்ச்சில் சாந்தாகுரூசில் வெப்பம் 41 டிகிரியை எட்டிற்று. சென்ற ஆண்டு அக்டோபரில், பத்தாம் வகுப்பில் பயிலும் நம் மகள் இரவில் மாலாவில் இருந்து படிக்க இயலாமல் புத்தகத்துடன் வாயிற்படியில் வந்து அமர்ந்தாள். அதைக் கண்டு பொறாமல், போனஸ் பணத்தில் 5,000 ரூபாய் கொடுத்து 20 வாட் சூரிய விசிறி ஒன்றைச் சுவரின் உச்சியில் பொருத்தினோம்.

பகலெல்லாம் அது நன்றாகவே சுழன்றது. ஆயினும் வெப்பம் குறைந்தபாடில்லை. அடுக்களையின் தாளிப்பு நெடிதான் மேலே ஏறியது. பொழுது சாய்ந்ததும் விசிறி நின்றுவிட்டது. மகள் படிக்க அமர்வதோ அதன் பிறகு! அண்டை வீட்டுத் தச்சர், நெல்லைச் சீமையைச் சேர்ந்த பெரியவர், வந்து பார்த்து, “வெளியே போக வழி வைத்தீர்கள், தம்பி, உள்ளே வர வழி எங்கே?” என்று கேட்டார்.

உண்மை அதுவே. சூடேறிய காற்று இலேசாகி மேலெழும். உச்சியில் ஒரு திறப்பும் தாழ்வில் ஒரு திறப்பும் இருப்பின், அது மேலே வெளியேற, கீழே புதுக் காற்று நுழையும். இரண்டிற்கும் இடையே உயரம் மிகுந்தால் ஓட்டமும் மிகும். நம் ஊர் ஓட்டு வீடுகளில் அடுக்களைக்கு மேல் புகைபோக்கி வைத்தது இந்த அறிவினாலன்றோ! பெரம்பூரில் உருவான பழைய ரயில் பெட்டிகளின் கூரைமீது காணும் காற்றுப்போக்கிகளுக்கும் மின்சாரம் வேண்டியதில்லை. வண்டியின் ஓட்டமே அவற்றுக்குப் போதும். வீடு ஓடுவதில்லை, ஆகவே உள்வெப்பமும் வெளிக்காற்றுமே அவ்வேலையைச் செய்யவேண்டும். வெளியினும் உள்ளே வெப்பம் மிகுந்துள்ளவரை, இரவிலும் அது நடைபெறும்.

ஆகவே அன்பர் முதலில் எண்ணவேண்டியது, மாலாவில் எவர், எந்நேரத்தில் இருக்கிறார் என்பதே. பகலில் அங்கே தையல் முதலிய தொழில் நடப்பின், வெயில் ஏற ஏற விரைந்து சுழலும் சூரிய விசிறி பயன் தரும். மின் கட்டணமும் இல்லை. இரவில் படுக்கவும் படிக்கவும் மட்டுமெனில், மின்கலம் இல்லாத சூரிய விசிறியால் பயனில்லை, திறப்புகளே துணை. மழைமேகம் கவிந்த நாட்களிலும் அவ்விசிறி சோர்ந்துவிடும். எதை வைப்பினும் மேல் திறப்புக்குச் சாரல் புகாத மூடியும், கொசுவும் எலியும் நுழையாத வலையும் இன்றியமையாதவை.

இன்னொன்று: காய்ந்த தகடு கீழ்நோக்கி வீசும் அனலை எந்தக் காற்றுப்போக்கியும் தடுப்பதில்லை. அதற்கு வெண்பூச்சே மருந்து. 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம் பின்னர்க் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் மேற்கொண்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர் கூரைக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. சிமெண்டுத் தகட்டின்மேல் நேரே கால் வைத்து ஏறலாகாது, உடைந்து வீழ்த்திவிடும். கல்நார் கலந்த தகட்டைத் துளையிடவும் வேண்டா. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. சுவரில் திறப்பு அமைப்பதே நன்று.

நாம் தச்சர் சொற்படி, தெருப்பக்கச் சுவரில் மாலாவின் தரையை ஒட்டி ஒரு சாளரமும், எதிர்ப்புறம் உச்சியில் வலையிட்ட திறப்பும் அமைத்தோம். கூரைக்கு வெண்பூச்சும் பூசினோம். விசிறிக்கு ஆனதில் பாதியும் ஆகவில்லை. வெப்பம் முற்றும் நீங்கிற்று என்று கூறோம். ஆயினும் மகள் மாலாவிலேயே இருந்து படித்துத் தேர்வு எழுதினாள். விசிறியும் இப்போதுதான் பகலில் பயன்படுகிறது.

மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தாராவி வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்களே, இடிபடப்போகும் வீட்டுக்கு ஏன் செலவு என்று சிலர் கேட்பர். புது வீடு கிட்டும் நாளில் கிட்டட்டும். அதுவரை குழந்தைகள் உறங்கவேண்டுமல்லவா? சிறு செலவில் முடிவதை முதலில் செய்க. விசிறி பின்னர் வாங்கலாம். வீடு மாறினால் அதைக் கழற்றி எடுத்துச் செல்லவும் செய்யலாம்.